உவமை சொன்னால் நிரூபித்ததாகுமா?

"கப்பலில் ஏறிய பயணிகள் எல்லாரும் ஓட்டுப் போட்டா சுக்கானைத் திருப்புகிறார்கள்? தெரிந்தவர் திருப்புகிறார். அப்படியிருக்க, நாட்டை மட்டும் எல்லாரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்பது என்ன நியாயம்?"

ஒருவர் இப்படிக் கேட்டதும் எதிரே இருப்பவர் வாயடைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. எது இடிக்கிறது என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. சுற்றியிருப்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள், பேச்சு அதோடு முடிந்துபோகிறது.

இது மிகப் பழைய வாதம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில் இதன் உடன்பிறப்பு ஒன்று வருகிறது: ஆட்சிப் பொறுப்புக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுக்கக் கூடாது, அது சுக்கான் பிடிப்பவரை மாலுமிகளுக்குள் சீட்டுப்போட்டு எடுப்பது போன்றது. சாக்ரடீஸ் பேசும் முறைக்கு மாதிரியாக அவர் இதைக் காட்டுகிறார். அன்றைய ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்கு உண்மையிலேயே சீட்டுப்போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள் என்பதால், கேட்டவர்களுக்கு இது நேராகத் தைத்திருக்கும்.

உவமை, உருவகம், ஆகுபெயர், ஏது என்ற சொற்களைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். செய்யுளுக்குப் பூட்டிய நகைகளின் பெயர்கள் என்றே அவற்றை நினைக்கிறோம். எனக்கு அவை பரிசோதனைக் கருவிகளாகவே தெரிகின்றன. ஒரு பேச்சு எதை விளக்குகிறது, எதை நிறுவுகிறது, எதை மறைக்கிறது என்று பிரித்துக் காட்டும் வேலையை அவை செய்கின்றன. கப்பல் வாதத்துக்கு மறுமொழியும் அவற்றில்தான் இருக்கிறது.

ஒரே 'போல', இரண்டு வேலை

முதல் குழப்பம் உவமைக்கும் எடுத்துக்காட்டுக்கும் இடையே. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்:

பசு போன்ற விலங்குகள் புல் மேயும்.
அவர் பசு போன்ற மனிதர்.

முதல் வாக்கியத்தில் பசுவும் அந்த விலங்குகளில் ஒன்று. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அதிலிருந்தே ஒன்றை எடுத்து மாதிரியாகக் காட்டுகிறோம். இது எடுத்துக்காட்டு. இரண்டாவது வாக்கியத்தில் அந்த மனிதர் பசு இல்லை. ஓர் இனத்தைச் சேர்ந்தவரை, வேறு இனத்தைச் சேர்ந்த ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் பொதுவான சாதுவான குணத்தைக் காட்டுகிறோம். இது உவமை.

இரண்டு வேலைக்கும் தமிழில் 'போல' என்ற ஒரே சொல் வருவதால், காது வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. 'போன்ற' இருக்கும் இடத்தில் 'முதலிய' என்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 'பசு முதலிய விலங்குகள்' என்றால் பொருள் குலையவில்லை. 'பசு முதலிய மனிதர்' என்றால் வாக்கியமே உடைந்துவிடுகிறது. உடைந்தால் அது உவமை.

கப்பல் வாதத்தில் இதைச் செய்து பாருங்கள். 'கப்பல் முதலிய நாடுகள்' என்று சொல்ல முடியாது. ஆக அங்கே இருப்பது உவமை. அது எடுத்துக்காட்டின் உடையை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது.

உவமைக்குள் என்ன இருக்கிறது

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

தன்னைத் தோண்டுகிறவரையே தாங்கி நிற்கும் நிலம் போல, தம்மை இகழ்கிறவரைப் பொறுத்துக்கொள்வது தலையாய பண்பு என்கிறது இந்தக் குறள். இதில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. பேச எடுத்துக்கொண்ட பொருளான பொறுமையுள்ளவர், உவமேயம். அவருக்கு ஒப்பாகக் கொண்டுவந்த நிலம், உவமானம். இரண்டையும் இணைக்கும் 'போல' என்ற சொல், உவம உருபு. இரண்டிலும் இருக்கும் தாங்கும் இயல்பு, பொதுத்தன்மை.

உவமானம், உவமேயம், உருபு மூன்றையும் எல்லாரும் எளிதாக அடையாளம் கண்டுவிடுகிறார்கள். ஆனால் உவமையின் உயிர் நான்காவதான பொதுத்தன்மையில் இருக்கிறது. நிலத்துக்கு எத்தனையோ இயல்புகள் உண்டு. அது நகராது, விற்கப்படும், வெயிலில் வெடிக்கும். பொறுமையுள்ளவரும் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டார் என்று இந்தக் குறளிலிருந்து யாரும் முடிவுகட்டுவதில்லை. 'தாங்கும்' என்ற ஒரு சொல்லால் வள்ளுவர் எல்லை கட்டிவிட்டார்.

இந்த எல்லையைத் தொல்காப்பியமும் கவனித்திருக்கிறது. பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் உண்டு. ஒப்புமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் வரும் என்று அது தொடங்குகிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில். மழை போன்ற கொடை என்றால் கிடைக்கும் பயனில். துடி (நடுவில் ஒடுங்கிய சிறு பறை) போன்ற இடை என்றால் வடிவத்தில், பொன் போன்ற மேனி என்றால் நிறத்தில். 'போல' என்று ஒருவர் சொன்ன உடனே 'எதில் போல?' என்று கேட்கச் சொல்லித்தரும் பாடமாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு குறள் இருக்கிறது.

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்

கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள். ஏனென்றால் இருவருமே தாம் விரும்பியதைச் செய்து திரிகிறவர்கள். புகழ்வது போல் தொடங்கி இகழ்வதில் முடியும் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயர். எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், சொன்ன ஒப்புமை முழுக்க உண்மை. தடுப்பார் இல்லாமல் நடப்பது இருவருக்கும் பொது. அந்த ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் இருவரும் எதிரெதிர். ஒன்றில் ஒத்திருப்பதால் இன்னொன்றிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஒன்றே முக்கால் அடியில் காட்டிவிடுகிறது இந்தப் பாடல்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். எடுத்துக்காட்டு ஒரு கூட்டத்துக்குள்ளிருந்து வரும், உவமை வெளியிலிருந்து வரும். உவமை தன் பொதுத்தன்மை எட்டும் தூரம் வரைதான் செல்லுபடியாகும்.

உருவகம்: 'போல'வை நீக்கினால் போதாது

'போல' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று பலர் சுருக்கமாக நினைவு வைத்திருக்கிறார்கள். இது தவறு. 'மலர்முகம்' என்ற சொல்லில் 'போல' இல்லை, ஆனாலும் அது உவமைதான். உருபு மறைந்து நிற்கும் இதை உவமைத்தொகை என்பார்கள். 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால்தான் உருவகம்.

திருப்பிப் போடுவதில் அப்படி என்ன இருக்கிறது? தமிழில் இப்படிச் சேரும் தொடர்களில் கடைசிச் சொல்தான் தலைமைச் சொல். 'மலர்முகம்' ஒரு முகம், 'மலர்' அதற்கு அடைமொழி. 'முகமலர்' என்றதும் நம் கண்முன் நிற்பது மலர், முகம் அதில் கரைந்துவிட்டது. அடுத்து வரும் வினைச்சொல்லைப் பார்த்தாலும் இது புரியும். 'முகமலர் வாடியது' என்று இயல்பாகச் சொல்கிறோம். வாடுவது மலரின் வேலை. உவமையும் பொருளும் வேறுவேறு என்ற எண்ணத்தை ஒழித்து ஒன்றே என்று காட்டுவது உருவகம் என, அணிகளுக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம் சொல்வதற்கு இதுதான் பொருள்.

உவமை இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, அதனால் நடுவில் இடைவெளி தெரிகிறது. உருவகம் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. கவிதையில் அது அழகு. வாதத்தில், 'எதில் போல?' என்று கேட்க வேண்டிய இடமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அன்றாடப் பேச்சிலும் உருவகங்கள் நிறையப் புதைந்திருக்கின்றன. நேரத்தைச் செலவழித்தேன், மிச்சப்படுத்தினேன், வீணடித்தேன் என்கிறோம். நேரம் பணம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் வினைச்சொற்கள் அனைத்தும் பணத்தினுடையவை. வாதத்தில் வென்றான், தோற்றான், எதிராளியின் கருத்தைத் தகர்த்தான் என்கிறோம். பேச்சைப் போராக்கிவிட்டதால், இருவரும் சேர்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல அந்தச் சொற்களில் இடமில்லை. இப்படிப்பட்ட உருவகங்கள் சிந்தனையையே வடிவமைக்கின்றன என்று மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் விரிவாக வாதிட்டார்கள்.

2011இல் பால் திபோடோ, லேரா பொரோடிட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நகரத்தில் குற்றங்கள் பெருகுவதைப் பற்றி ஒரே விவரத்தைச் சிலருக்கு 'குற்றம் ஒரு கொடிய விலங்கு' என்றும், சிலருக்கு 'குற்றம் ஒரு நோய்க்கிருமி' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். விலங்கு என்று படித்தவர்கள் பிடித்து அடைக்கும் வழிகளைக் கூடுதலாகச் சொன்னார்கள். கிருமி என்று படித்தவர்கள் காரணத்தைக் கண்டறிந்து சீர்திருத்தும் வழிகளின் பக்கம் சாய்ந்தார்கள். பின்னால் வேறு சிலர் இதே போலச் சோதித்தபோது எல்லா முறையும் இந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருவகம் மனத்தை ஆட்டிவைக்கும் மந்திரம் ஆகிவிடாது. ஆனாலும் விலங்கு என்று சொன்ன மறுகணமே கூண்டு நினைவுக்கு வருகிறது என்பதை நாமே உணர்கிறோம் அல்லவா?

ஆகுபெயர்

உருவகத்தோடு அடிக்கடி குழம்புவது இது. 'ஊர் சிரிக்கும்' என்கிறோம். சிரிப்பது ஊரில் இருக்கும் மனிதர்கள். ஊருக்கும் மனிதர்களுக்கும் ஒப்புமை எதுவும் இல்லை, இருக்கும் இடம் என்ற தொடர்பு மட்டும் உண்டு. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். உருவகம் ஒப்புமையில் நடக்கும், ஆகுபெயர் தொடர்பில் நடக்கும்.

வாதத்தில் இதைக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 'நாடு இதைத்தான் விரும்புகிறது' என்று ஒருவர் சொன்னால், அந்த ஆகுபெயரை அவிழ்த்து, யார் யார் விரும்புகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

நிறுவுவதற்கு என்ன வேண்டும்

இனி வாதத்தின் உறுப்புகளுக்கு வருவோம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு இவற்றைச் சொல்லித்தருகிறார். ஒரு காப்பியத்துக்குள் தருக்கப் பாடம் இருப்பது தமிழ் படிக்கும் பலருக்கே தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அவர் காட்டும் மாதிரி இது. 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது நிறுவ வேண்டிய கூற்று, அதற்குப் பக்கம் என்று பெயர். 'ஏனென்றால் புகை இருக்கிறது' என்பது காரணம், அதற்கு ஏது என்று பெயர். 'அடுக்களை போல' என்பது திட்டாந்தம், அதாவது நாம் முன்பே பார்த்த எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு உறுப்புகள் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு முதல் மூன்றே போதும்.

இங்கும் ஒரு 'போல' வந்திருப்பதைக் கவனியுங்கள். மலை அடுக்களையைப் போல அழகாகவோ வெப்பமாகவோ இருக்கிறது என்று அறவண அடிகள் சொல்லவில்லை. புகை உள்ள இடங்களில் நெருப்பும் இருக்கும் என்பதற்கு நாம் நேரில் கண்ட இடம் ஒன்று அடுக்களை. 'அடுக்களை முதலிய புகையுள்ள இடங்கள்' என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நன்றாகவே நிற்கிறது.

வாதத்தைத் தாங்குவது புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு. அந்தத் தொடர்பு தற்செயலானதா, விடாமல் வருவதா என்று பார்க்க எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று தேடுகிறார்கள்: எங்கே நெருப்பு இல்லையோ அங்கே புகையும் இல்லை, நீரைப் போல. இருக்கும் இடத்தில் சேர்ந்திருக்கிறது, இல்லாத இடத்தில் சேர்ந்தே இல்லாமல் இருக்கிறது. இந்த இரண்டும் கிடைத்தால் ஏது வலுப்பெறுகிறது.

சுருக்கமாக: உவமை 'இது அதைப் போல' என்பதோடு நின்றுவிடும். வாதம், இது இருந்தால் அதுவும் இருக்கும் என்ற தொடர்பைக் காட்டியாக வேண்டும்.

அரசன் சொன்ன வட்டவாதம்

ஏது இல்லாமலே ஏது இருப்பது போல் பேசும் வழிகளும் உண்டு. அவற்றுள் மிக நுட்பமானதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தன் கணவன் கொலையுண்டான் என்று கண்ணகி முறையிடுகிறாள். பாண்டியன் சொல்லும் மறுமொழி: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.' கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது. அந்தக் கால நீதிப்படி இதை மறுக்க இடமில்லை. ஆனால் வழக்கே கோவலன் கள்வனா இல்லையா என்பதுதான். நிறுவ வேண்டியதையே நிறுவியதாக வைத்துக்கொண்டு அதன் மேல் அரசன் பேசிவிட்டான். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதால் இதை வட்டவாதம் என்கிறோம்.

கண்ணகி அந்தப் பொது நீதியோடு மோதவில்லை. 'என் காற்சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம்' என்கிறாள். தன் மனைவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். இப்போது ஏது பிறந்துவிட்டது: உள்ளே முத்து என்றால் அது அரசியின் சிலம்பு, மாணிக்கம் என்றால் கண்ணகியுடையது. எது உண்மை என்று இருவரும் கண்ணால் பார்த்துவிடக்கூடிய சோதனை அது. சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் அரசன் வாயருகே தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் சொல்லும்போது, கள்வன் என்ற அந்தச் சொல் உரிய இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கண்ணகியின் கோபத்தையே நாம் எப்போதும் பேசுகிறோம். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவள் வாதத்தின் எலும்பை இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறாள் என்பதையும் பேச வேண்டும்.

பெயர்களைத் தவறாக வீசுவது

பிழையான வாதங்களின் பெயர்களைக் கற்றவர்கள் அவற்றைக் கல் போல எறிவதும் உண்டு. 'நீ ஆளைத் தாக்குகிறாய்' என்பது அதில் முதலாவது. ஒருவரைத் திட்டுவது வசை, அது வாதப் பிழை ஆகாது. 'நீ கர்வம் பிடித்தவன், ஆகையால் நீ போட்ட கணக்கு தப்பு' என்று அந்த 'ஆகையால்' வரும்போதுதான் ஆளைத் தாக்கும் பிழை பிறக்கிறது. கர்வத்துக்கும் கணக்குக்கும் புகைக்கும் நெருப்புக்கும் உள்ளது போன்ற தொடர்பு இல்லை. அதே நேரம், 'நான் நேரில் பார்த்தேன்' என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது, அவர் முன்பு பலமுறை பொய்ச்சாட்சி சொன்னவர் என்று எடுத்துக்காட்டுவது பிழை இல்லை. அங்கே நம் கையில் இருப்பது அவருடைய சொல் மட்டும்தான்.

இன்னொன்று: ஒருவருடைய வாதம் பிழை என்று காட்டிவிட்டால் அவர் முடிவும் பொய் ஆகிவிடாது. மலையில் தெரிந்தது வெறும் மூடுபனி என்று தெரியவந்தாலும், மலைக்குப் பின்னால் நெருப்பு எரிந்துகொண்டிருக்கலாம். அந்த ஏது விழுந்தது, அவ்வளவே.

கப்பலுக்குத் திரும்பினால்

கப்பலையும் நாட்டையும் இப்போது மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உவமேயம் நாடு, உவமானம் கப்பல். எதில் போல? இரண்டையும் நடத்தத் திறமை வேண்டும் என்பதில். இந்தப் பொதுத்தன்மை உண்மையானது, அதை மறுக்கக் கூடாது. வாயடைத்துப்போனவர் மறுக்க முயன்றதால்தான் தடுமாறினார் என்று நினைக்கிறேன்.

சுக்கான் பிடிப்பவரிடம் நாம் விடுவது வழியை. எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பயணிகள் ஏறும்போதே முடிவுசெய்துவிட்டார்கள். வேறு துறைமுகம் வேண்டியவர்கள் வேறு கப்பல் ஏறியிருப்பார்கள். நாட்டில் வாக்கெடுப்பு பெரும்பாலும் எங்கே போவது என்பதைப் பற்றியது. அங்கே எல்லாரும் ஒரே கப்பலில் பிறந்துவிட்டவர்கள், துறைமுகத்தைப் பற்றியே அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உவமையின் பொதுத்தன்மை எட்டாத இடத்தில்தான் அந்த முடிவு நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இதே கப்பல் வேறோர் இடத்தில் நன்றாக வேலை செய்யும். 'எந்த விஷயமானாலும் பெரும்பான்மை சொல்வதே சரி' என்று ஒருவர் சொல்லட்டும். அப்போது புயலில் சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்வி, அவர் சொன்ன 'எந்த விஷயமானாலும்' என்பதற்குள் அடங்கிவிடுகிறது. உவமையாக இருந்த கப்பல் எடுத்துக்காட்டாக மாறிவிடுகிறது. அந்த ஒரே எடுத்துக்காட்டு அந்தப் பொதுவிதியை உடைக்கப் போதும்.

ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் இப்படித் திருப்பிக் கேட்கலாம்: "சுக்கானைத் தெரிந்தவரே பிடிக்கட்டும். எந்தத் துறைமுகம் என்று யார் சொல்வது?" அவரிடமும் நல்ல மறுமொழி இருக்கக்கூடும். துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கவும் கடலைப் பற்றிய அறிவு வேண்டும் என்று அவர் சொல்லலாம். எவ்வளவு அறிவு, எந்தெந்த முடிவுகளுக்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்போது இருவரும் கப்பலை விட்டு இறங்கி நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பீர்கள்.